சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாள்

குருவம்மாள் பேசிக்கொண்டே இருக்கிறாள். பக்கத்துக் கூடத்தில், சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற எல்இடி திரையில், பேச்சு முடிந்த கையோடு அதே பேச்சை மறுபடி ஆரம்பித்து, ரயில் நிலையத்தில் வண்டி வருகிறது என்று சொல்கிற குரலைப்போல எல்லோருக்கும் சொல்லி யாருக்கும் சொல்லாமல் பேசுகிறாள். அவள் முகத்துக்கு நேராக நின்று இரண்டு பேர் சமோசா தின்கிறார்கள். ஒருத்தர் போனில், கார் நிறுத்த இடம் கிடைக்காத கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார். அவள் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும். இந்தச் சத்தத்துக்கு அவள் சட்டென்று வாயை மூடி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, சத்தம் போட்டவரையே பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் நான் செய்த வேலை. அது மட்டும்தான் நான் செய்தது, மற்றதெல்லாம் அவளுடையது. மேடையில் யாரோ என் பெயரைச் சொல்கிறார்கள். தாட்சாயணி அம்மையார், தமிழ்நாட்டில் கணினிக் கலையின் முன்னோடி. கைதட்டல். முன்னோடி என்றால் இனி இவளைக் கேட்க வேண்டியதில்லை என்று பொருள். பொன்னாடையின் ஜரிகை கழுத்தைப் பிராண்டுகிறது. கழற்றிச் சுருட்டி மடியில் வைக்கிறேன். பக்கத்து நாற்காலியில் இருக்கிற கலைக்கூட அறங்காவலர் திரும்பிப் பார்க்கிறார், பார்க்கட்டும். மேடைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ‘மீட்டெடுப்பு’ என்று தொங்குகிறது. மீட்டெடுத்தார்களாம். அடகு வைத்த நகையையா, கிணற்றில் விழுந்த ஆட்டையா? யாரிடமிருந்து மீட்டார்கள்? என்னிடமிருந்துதான். அவளிடமிருந்துதான்.

கோபப்படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரத்தக்கொதிப்பு. கோபப்படாமல் என்ன செய்வது, சமோசா தின்பதா? சிறப்பு விருந்தினர் எழுந்து மைக்கைத் தட்டிப் பார்க்கிறார், டொக் டொக். அந்தச் சத்தத்துக்கே அவள் நிறுத்தியிருப்பாள். அந்த அளவுக்குத்தான் வைத்திருந்தேன், மின்விசிறி ஓடலாம், மூச்சு விடலாம், நாற்காலி லேசாகக் கிறீச்சிடலாம், ஆனால் ஒரு கிசுகிசுப்பு ஆகாது. ஒரு சின்ன இருட்டறை, ஒரு முக்காலி, பழைய குண்டு மானிட்டர், அதன் தலையில் ஒரு மைக். அவ்வளவுதான் படைப்பு. நீங்கள் உட்கார்ந்து பேசாமல் இருந்தால் அவள் பேசுவாள். நீங்கள் வாயைத் திறந்தால் அவள் மூடிவிடுவாள். அப்புறம் விட்ட இடத்திலிருந்து வரமாட்டாள், முதலிலிருந்துதான் வருவாள். கண்காட்சிக்கு வந்தவர்கள் எத்தனை பேர் மெஷின் கோளாறு என்று புகார் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு மந்திரி வந்தார், கூடவே பத்துப் பேர், அவள் ஒரு வாக்கியத்தைத் தாண்டவில்லை. மந்திரி போன பிறகு வாசலில் நின்ற போலீஸ்கார அம்மா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டார், வெளியே வந்து என்னைப் பார்க்காமல் போய்விட்டார். அந்த நாளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது. இனி யாருக்கும் அது நடக்காது. இனி மந்திரிக்கும் பேசுவாள், மந்திரியின் டிரைவருக்கும் பேசுவாள், ஆளே இல்லாத கூடத்துக்கும் பேசுவாள், பெருக்குகிற விளக்குமாற்றுக்கும் பேசுவாள்.

அந்த விதியை நான் கண்டுபிடிக்கவில்லை, அவள் போட்டது. சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை அறை வெடித்து அவளுடைய மூத்த மகள் மாரீஸ்வரி போனாள். சில வருஷம் கழித்து நான் வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை, எல்லாம் தெரியும் என்ற எண்ணம். அவள் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னாள். அவளை நான் அக்கா என்றேன், அவள் என்னைத் தாயி என்றாள். படம் எடுக்கலாமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் கேமராவையே பார்த்தாள். “அதிகாரிக, பத்திரிகைக்காரக எல்லாரும் வந்தாக தாயி. கேட்டாக. நான் சொல்லச் சொல்ல அவுகளுக்குள்ள பேசிக்கிட்டாக. ஒருத்தரு டீ வாங்கியாரச் சொல்லி, அதுல சீனி கம்மியான்னு வேற கேட்டாரு. நான் எம்பிள்ள காதப் பத்திச் சொல்லிக்கிட்டிருக்கேன், அவரு சீனியக் கேக்காரு. நீ எடுத்துக்கோ. ஆனா நான் பேசயில எவனாச்சும் பேசுனா நிப்பாட்டிருவேன். அப்பறம் மொதல்ல இருந்துதான் வருவேன். விட்ட எடத்துல இருந்து வர எனக்குத் தெம்பு இல்ல.” சரி அக்கா என்றேன். மகள் காதில் தோட்டுக்குப் பதிலாகச் செருகியிருந்த வேப்பங்குச்சியை வைத்துத்தான் ஆஸ்பத்திரியில் அடையாளம் தெரிந்தது என்பதை அவள் சொன்னபோது தெருவில் ஒரு குல்ஃபி வண்டி மணி அடித்தது. நிறுத்திவிட்டாள். மணி தெருமுனை தாண்டும்வரை என்னைப் பார்த்தாள், பிறகு காலையில் கஞ்சி காய்ச்சியதிலிருந்து ஆரம்பித்தாள். அந்த நிமிஷம் எனக்கு என் வேலை என்ன என்று தெரிந்துவிட்டது, அவள் வாய் மூடிப் பார்த்த அந்தத் துண்டை வைத்துக் கணினிக்கு அவள் விதியைச் சொல்லித்தருவது. சரி அக்கா என்று சொல்லியிருக்கிறேன். இப்போது அவளும் செத்துப்போனாள், அவளிடம் சொன்ன சரியை எந்த ஏஐ வந்து சரிசெய்யும்?

ரகோத்தமன் மேடை ஓரத்தில் கைகட்டி நிற்கிறார். இந்தக் கலைக்கூடத்தின் இயக்குநர். நல்ல மனிதர், அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் ஒரு சண்டையில் முடிந்திருக்கும். அவர் ஒவ்வொன்றையும் பணிவாகச் சொன்னார், மேடம் மேடம் என்று. நீங்கள் இதை எழுதப் பயன்படுத்திய மென்பொருளின் கம்பெனியே இப்போது இல்லை மேடம். புதுக் கணினியில் திறக்கவே மாட்டேன் என்கிறது. பழைய கணினியில் ஒரு சில்லு போனால் மாற்றுச் சில்லு உலகத்தில் இல்லை. பார்வையாளர் ஒரு திரை முன்னால் சராசரியாக ஒன்றரை நிமிஷம்தான் நிற்கிறார், அதனால் ஒன்றரை நிமிஷத்துக்குச் சுருக்கியிருக்கிறோம். கூடத்தில் எப்போதும் சத்தம் இருக்கும், மைக் வைத்தால் அவர் பேசவே மாட்டார் மேடம், யாருமே கேட்காமல் போய்விடுமே. எல்லாம் சரிதான். ஒவ்வொன்றும் சரி, கூட்டினால் அநியாயம். பழைய கணினியை ஓடவிட்டு, திரையில் வந்ததைப் பதிவுசெய்து, ஏஐயை வைத்துச் சுத்தம் செய்தார்களாம். என்ன அழுக்கு இருந்தது? தூரத்தில் ஓடிய பம்புசெட்டை எடுத்துவிட்டார்கள். கோழியை எடுத்துவிட்டார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் அவள் இழுக்கிற மூச்சை எடுத்துவிட்டார்கள், மூச்சு விடாமல் பேசுகிறாள், பேயைப்போல. முகத்தில் இருந்த அம்மைத் தழும்பைக்கூட அந்த ஏஐ புள்ளி என்று நினைத்துத் துடைத்துவிட்டது. வெற்றிலைக் கறை படிந்த பல்லை வெளுத்துவிட்டது. மதியம் பார்த்ததும் யார் இந்தப் பொம்பளை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவர் சொல்லாத ஒன்றை நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். என்னாலும் முடியவில்லை. வீட்டில் பீரோவுக்கு மேல் இருக்கிற சிடிகளில் வெள்ளி உரிந்து வெயிலில் பிடித்தால் ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் வருகிறது. ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினால் உள்ளே பல்லி கத்துகிற சத்தம், அவ்வளவுதான். ராத்திரி படுத்தால் அந்தச் சத்தம் காதுக்குள் கேட்கிறது, அதுவா என் நெஞ்சா என்று தெரிவதில்லை. ஓலைச்சுவடி முந்நூறு வருஷம் கிடந்தது, கரையான் தின்றது போக மிச்சத்தைப் படிக்க முடிந்தது. என்னுடையதில் மிச்சம் என்று ஒன்று இல்லை. திறந்தால் முழுசு, திறக்காவிட்டால் ஒன்றுமில்லை. கல்லில் செதுக்கியிருந்தால் மூக்கு உடைந்தாவது நின்றிருக்கும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? சொன்னால் ‘டிஜிட்டல்னா அழியாது இல்லையா மேடம்’ என்பார்கள். அழியாதாம். மூணு செல்போனுக்கு முந்தி எடுத்த கல்யாணப் படம் எங்கே என்று கேட்டால் விழிப்பார்கள். இங்கே இதை வாங்கியபோது பத்திரமாக வைத்துக்கொள்வோம் என்றார்கள், வைத்தார்கள், பூச்சி அரிக்காமல் பாடம் செய்து வைத்த புலியைப்போல வைத்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் இப்போது காலத்தால் அழியாத கலை என்கிறார். காலத்தால் இல்லை ஐயா, பத்திரப்படுத்துகிறவர்களால்.

தோளில் ஒரு கை. பின்வரிசையிலிருந்து ஜோதிமணி குனிகிறாள். குருவம்மாளின் சின்ன மகள், மாரீஸ்வரியின் தங்கை. வெடித்தபோது ஆறோ ஏழோ வயது, இப்போது கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறாள். கலைக்கூடத்தார் டிக்கெட் அனுப்பி அழைத்திருக்கிறார்கள், நல்ல பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. அவள் அம்மாவை நான் அக்கா என்றதால் என்னைச் சின்னம்மா என்பாள். மதியத்திலிருந்து அவள் கண்ணில் படாமல் தப்பித்துக்கொண்டிருக்கிறேன், என் கோபம் அவளைச் சுட்டுவிடுமோ என்று. “சின்னம்மா, அம்மா எம்புட்டு அழகா இருக்கா பாத்தீகளா,” என்கிறாள் காதருகே. “மொகத்துல ஒரு தழும்பு இல்ல. சினிமாக்காரி மாதிரி.” அவள் சந்தோஷத்தைப் பார்த்ததும் என் கோபத்துக்குக் கால் தடுக்குகிறது. அவளுடைய அம்மா. அவளுக்குப் பிடித்திருக்கிறது. நான் யார்? தழும்பு வேண்டும் என்று அடம்பிடிக்க நான் யார்? சரி, போகட்டும், வீட்டுக்குப் போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படு தாட்சாயணி என்று என்னையே அதட்டிக்கொள்கிறேன். அவள் இன்னும் குனிந்திருக்கிறாள். சென்னையில் முன்பு இந்தக் கண்காட்சி நடந்தபோது வர முடியாமல் போனதைச் சொல்கிறாள், அப்போது சின்னப் பிள்ளை, அப்புறம் கல்யாணம், அப்புறம் அம்மாவே போய்விட்டாள். “வீட்டுல அக்காவப் பத்தி அவ ஒரு வார்த்த பேசுனதில்ல. நானும் கேட்டதில்ல. கேட்டா ஒடஞ்சு போயிருவாளோன்னு பயம். இங்க வந்துதான் இம்புட்டுப் பேசியிருக்கான்னே தெரியுது. இதுக்கு மேல ஒண்ணும் சொல்லலையா சின்னம்மா?”

இதுக்கு மேல. இதுக்கு மேல ஒன்றரை நிமிஷம் போக மிச்சம் அத்தனையும் இருக்கிறது. அவர்கள் கஞ்சியையும் வேப்பங்குச்சியையும் எடுத்துக்கொண்டார்கள், அழவைக்கிற இடம் அதுதான் என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். கடைசியை வெட்டிவிட்டார்கள். கடைசியில் அவள் சின்னவளைப் பற்றித்தான் பேசுகிறாள். அந்த வரிகள் எனக்கு மனப்பாடம், என் அம்மா பேசியதுகூட எனக்கு அப்படி நினைவில்லை. கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்துவிட்டு, வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு சொல்வாள். “சின்னவ ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறா. கேட்டா சொல்லுவேன்.” எழுந்துவிட்டேன். சுருட்டிய பொன்னாடை தரையில் விழுகிறது. அறங்காவலர் அதைப் பொறுக்கி நீட்டுகிறார், வாங்கவில்லை. ஜோதிமணியின் கையைப் பிடித்து எழுப்புகிறேன், அவள் செருப்பைத் தேடுகிறாள், செருப்பு கிடக்கட்டும் வா. சிறப்பு விருந்தினர் ஒரு நொடி தடுமாறி, முன்னோடிகள் அப்படித்தான் என்பதுபோலச் சிரித்து, தொடர்கிறார்.

பின்கட்டு அறையில் ஜோயல் இருக்கிறான், அந்தப் பதிவைச் செய்த டெக்னீஷியன். பழைய கணினி மேசைமேல் இருக்கிறது, பாதி தெர்மாகோலுக்குள், கிடங்குக்குப் போகத் தயாராக. ஓடுமா என்று கேட்கிறேன். ஓடும் மேடம், ஆனா அடிக்கடி போட்டா தாங்காது என்கிறான். போடு என்கிறேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்காமல் வயர்களைச் சொருகுகிறான். அது எழுந்திருக்க எடுத்துக்கொள்கிற நேரம்! உள்ளே கரகரவென்று எலி உருட்டுகிறதுபோல. இன்றைக்கு நின்றுபோனால் இன்றோடு போயிற்று. நிற்காதே, நின்றுவிடாதே, என் ராசா. மானிட்டர் ஒரு துடிப்புத் துடித்து வெளிறி வருகிறது. தழும்போடு, கறைப்பல்லோடு, உள்ளங்கை அகலத்துக்கு, புள்ளிபுள்ளியாகக் குருவம்மாள். ஜோதிமணி நெற்றிப்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்க்கிறாள், தன் நெற்றியை இல்லை, திரையில் அம்மா நெற்றி தெரிகிற கண்ணாடியை. உட்காரும்மா, பேசாம இரு, நீ பேசாம இருந்தா அவ பேசுவா என்று சொல்லிவிட்டு மைக்கைப் போடுகிறேன். குருவம்மாள் வாயைத் திறக்கிறாள். காலையில கஞ்சி. சுவருக்கு அப்பாலிருந்து ஒலிபெருக்கி, ‘உலகத் தரம் வாய்ந்த’. மூடிவிட்டாள். மறுபடி கஞ்சி. ‘இந்த அரிய தருணத்தில்’. மூடிவிட்டாள். மறுபடி. கைதட்டல். மூடிவிட்டாள். அவள் முகத்தில் அந்தப் பொறுமை. அன்றைக்கும் இப்படித்தானே உட்கார்ந்திருந்தாள், சீனி கம்மியா என்று கேட்டவன் முன்னால். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் சொன்னது இதைத்தான்.

கூடத்துக்குள் எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. ஓரத்தில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி, அதிலிருந்து சுவருக்குப் போகிற கறுப்பு வயர், அதைப் பிடித்து இழுத்துவிட்டேன். சிறப்பு விருந்தினரின் குரல் பாதிச் சொல்லில் சிறுத்து, வெறும் வாய் அசைகிறது. என் பின்னாலேயே வந்த ஜோயல் என்ன நினைத்தானோ, ஓடிப்போய்ப் பக்கத்துக் கூடத்து எல்இடி திரையையும் அணைத்தான். எல்லாத் தலையும் என் பக்கம். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கம் உண்டு, ஆனால் வந்தது என் மேடைக்குரல் இல்லை. “கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க. பின்னால ஒரு பொம்பளை அவ மகள்கிட்ட பேசிக்கிட்டிருக்கா.” யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். ரகோத்தமன் என்னை நோக்கி வந்து, என் முகத்தைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்துக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். நல்ல மனிதர் என்று சொன்னேனே. நான் பின்கட்டு வாசலில் போய் நின்றேன், நாயைப்போல, யாராவது ஒரு தும்மல் போட்டால் கடித்துவிடுகிறவளாக. அந்தப் பெரிய கூடம் அப்படி ஒரு அமைதியாகும் என்று நான் நினைக்கவில்லை. ஏசியின் இரைச்சல் மட்டும்.

உள்ளே அவள் பேசுகிறாள். கஞ்சி தாண்டுகிறாள். பம்புசெட் ஓடுகிறது, கோழி கொக்கரிக்கிறது, மூச்சு இழுக்கிறாள். வெடித்த சத்தத்தைச் சொல்கிறாள், ஓடியதைச் சொல்கிறாள், வேப்பங்குச்சியைச் சொல்கிறாள். ஜோதிமணியின் முதுகு மட்டும் எனக்குத் தெரிகிறது, பட்டு ஜாக்கெட்டின் தையல் இறுகி இறுகித் தளர்கிறது, சத்தம் வரவில்லை, கெட்டிக்காரி, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருக்கிறாள். குருவம்மாள் கடைசிக்கு வந்துவிட்டாள். கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்தாயிற்று. “சின்னவ ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறா. கேட்டா சொல்லுவேன். அன்னைக்குக் காலையில ஆலைக்குக் கெளம்புன அக்கா பாவாடையப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேன்னு நின்னா. காச்சக்காரப் பிள்ள. நான்தான் சிரிச்சுக்கிட்டே கையப் பிரிச்சுவிட்டேன். அது அவளுக்கு நெனப்பு இருக்கோ என்னமோ.”

“இருக்கும்மா,” என்கிறாள் ஜோதிமணி. “எனக்கு நெனப்பு இருக்கு.”

குருவம்மாள் வாயை மூடிவிட்டாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தன் மகளைப் பார்க்கிறாள், சீனி கேட்டவனைப் பார்த்த அதே பார்வை. நான் எழுதிய விதி. கிசுகிசுப்பு ஆகாது. யார் என்று பார்க்க அதற்குத் தெரியாது, நான் சொல்லித்தரவில்லை, எனக்குத் தோன்றவேயில்லை, ஒன்றரை வருஷம் உட்கார்ந்து எழுதியும் எனக்கு இது தோன்றவில்லை. ஜோதிமணி திரும்பி என்னைப் பார்க்கிறாள், தான் ஏதோ கெடுத்துவிட்டதாக. இல்லடி, நீ இல்லை. மறுபடி கஞ்சி. விசும்பல். மூடிவிட்டாள். மறுபடி கஞ்சி. விசும்பல். இவர்கள்மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி என் பக்கம் வருகிறது, அது எனக்குப் பழக்கமில்லாத கோபம், எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உள்ளே போகிறேன். மானிட்டர் தலையில் இருக்கிற மைக்கைப் பிடித்து, அந்தச் சின்ன வயரைக் கணினியின் பின்னாலிருந்து பிடுங்குகிறேன். இனி எந்தச் சத்தமும் அவளை நிறுத்தாது. எத்தனை கண்காட்சிக்கு எத்தனை ஊருக்கு இதை எடுத்துப்போனாலும் யாரையும் தொடவிடாத வயர். கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்துவிடுகிறேன். ரகோத்தமன் அங்கே நிற்கிறார், பார்த்திருக்கிறார். “மேடம், நாங்களும் இதைத்தானே செஞ்சோம்,” என்கிறார் மெல்ல, குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறார். இல்லை, நீங்கள் செய்தது வேறு என்று கத்த வாய் திறக்கிறேன். திறந்து, உள்ளேயிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் நிறுத்துகிறேன். கேளுங்கள். அழுகிறவள் அழுதுகொண்டே ஆமாம்மா, ஆமாம்மா என்கிறாள், மூச்சு இழுக்கிறவள் மூச்சு இழுத்துக்கொண்டே கஞ்சி காய்ச்சிய கதையைச் சொல்கிறாள். உள்ளே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.